பனி அதிகம், மற்றபடி நலம்

வீரபாண்டி, திருப்பூர்
15.9.2024

இயேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஆஷாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ சுகமாக இருப்பதாக மடத்திலிருந்து எழுதியிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் அதே வரியைத்தான் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். நீயே எழுது.

பயிற்சி முடியும்வரை நவதுறவகத்தில் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான் என்று சொன்னபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது சௌகரியம்தான். போன் என்றால் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதோடு தீர்ந்துவிடும். கடிதம் என்றால் நாலு திட்டாவது திட்டலாம்.

நீ போனதிலிருந்து அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. நாலு வருஷம் நம்மோடு பனியன் செக்கிங்கில் நின்ற பெண், ஒரே மகள், கல்யாணம் கட்டிக் கொடுக்க வேண்டிய வயதில் மடத்துக்குப் போய்விட்டாளே என்று கம்பெனியில் யாராவது கேட்டால், அயர்ன் பெட்டியில் புஸ்ஸென்று ஆவியைத் திறந்துவிட்டுக் கேட்டவரை விரட்டிவிடுகிறாராம். இப்போதுகூட நான் எழுதுவதைப் பார்க்காதவர் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அது நேற்றைய பேப்பர்.

டிசம்பருக்குள் சாம்பல் நிறத்தில் ஃபிளீஸ் துணி பார்த்து உனக்கு ஒரு ஸ்வெட்டர் தைத்து அனுப்புகிறேன். மலையில் அந்தச் சால்வை தாங்காது. அளவு எழுதி அனுப்பாதே, உன் அளவு என் கையில் இருக்கிறது. என் தையலில் குறை பிடித்த ஒரே செக்கர் நீதான். அதுவும் ஒரே தடவை, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். தையலைப் பார்த்தே "அம்மா, உனக்கு உடம்புக்கு முடியலையா?" என்று லைனுக்கு வந்து கேட்டாயே, அதை இன்னும் டெய்லர்மார் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்காதே. சாப்பிடுகிறேன், ஞாபகம் வரும்போது.

உன் நெற்றிக்கு ஒரு முத்தம்.
அம்மா ஜெசிந்தா


நவதுறவகம், கோத்தகிரி
6.10.2024

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆஷாவின் தோத்திரம். நான் சுகம். இந்த வரியை நானே எழுதுகிறேன், நம்பலாம்.

இங்கே அக்டோபரிலேயே காது வலிக்கிறது. காலையில் பைப்பைத் திறந்தால் ஊசி மாதிரி தண்ணீர். இந்த மாதம் எனக்குச் சமையலறை முறை, அதனால் அடுப்புப் பக்கம் நின்று பிழைத்துக்கொள்கிறேன். அப்பா அயர்ன் டேபிளை விட்டு நகராதது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

அம்மா, எனக்கு இங்கே பிடித்திருக்கிறது. பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் வந்தேன். வரும் மே மாதம் முதல் வார்த்தைப்பாடு, துறவியாக வாக்குக் கொடுக்கிற நாள். அதுவரை ஒரு வருஷம் முழுசாக இங்கே இருக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு மேல் வெளியே போனால் போன நாளையெல்லாம் கடைசியில் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்கு மேல் போனால் அந்த வருஷமே செல்லாது. என்னோடு ஜான்சி என்று ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு முடியாமல் போய் நாலு மாதம் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்து முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறாள். திரும்பி வந்ததே அதிசயம் என்கிறார்கள் எல்லோரும். வீடு அப்படி இழுக்குமாம்.

மாத்திரையை ஞாபகம் வரும்போது சாப்பிடுவதற்குப் பெயர் சாப்பிடுவது இல்லை.

அப்பா, அந்தப் பழைய பேப்பரை மடித்து வைத்துவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

இருவருக்காகவும் ஜெபிக்கும்
ஆஷா


வீரபாண்டி, திருப்பூர்
17.11.2024

இயேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஆஷாவுக்கு அப்பா டேனியல் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல்.

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே கிடைத்தது. பதில் தாமதம். அம்மாவுக்குக் கம்பெனியில் ஓவர்டைம் இருப்பதால் என்னை எழுதச் சொன்னாள். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி. ஆகவே இங்குள்ள குளிரைப் பற்றி எழுதுகிறேன்.

தீபாவளி கழிந்து மழை பெய்தது. மழை விட்டதும் பனி பிடித்துக்கொண்டது. மார்கழி பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அதற்குள் இப்படி. விடிவதற்கு முன்னால் குழாயில் தண்ணீர் வருகிறது. குடம் பிடித்து முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகிறது. சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியவில்லை. துடைத்துவிட்டால் மத்தியானம் வரை ஈரம் காய்வதில்லை. கொடியில் போட்ட துணியும் அப்படியே. இட்லிக்கு மாவு ஆட்டி வைத்தால் புளிக்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு தடவை இட்லி கல்லாகிவிட்டது. பக்கத்து வீட்டு ரங்காத்தாள் அக்கா வந்து பார்த்துவிட்டு, "அடுப்புக்குப் பக்கத்துல சாக்கைச் சுத்தி வெய்ங்க, பொங்கி வருமுங்க" என்றார். அப்படி வைத்ததில் பரவாயில்லை.

எனக்கு இப்போது மதிய ஷிப்ட். மாற்றிக் கேட்டு வாங்கினேன். காலையில் வீட்டில் இருப்பதால்தான் குளிர் தெரிகிறது.

வேறு விசேஷம் இல்லை. பனி அதிகம், மற்றபடி நலம்.

இப்படிக்கு
அப்பா


நவதுறவகம், கோத்தகிரி
25.11.2024

என் அருமை அப்பாவுக்கு ஆஷாவின் தோத்திரம். உங்கள் சுகமும் அம்மாவின் சுகமும் இயேசுவின் கையில்.

கடிதத்தைப் பார்த்ததும் யார் கையெழுத்து என்று தெரியாமல் விழித்தேன். உங்கள் கையெழுத்தை இதற்கு முன் என் மார்க் அட்டையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இப்போது உங்களுக்கு இங்கே பனி அப்பா என்று பெயர். கோத்தகிரியில் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி நிற்கிறது. அதில் நடந்துதான் நாங்கள் பூசைக்குப் போகிறோம். நீங்கள் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு குளிர் என்கிறீர்களே! மார்கழியில் வெறும் பனியனோடு டீக்கடைக்குப் போகிற மனுஷன் நீங்கள்.

அதோடு மாவு புளிக்காத செய்தி உங்களுக்கு எப்படித் தெரியும்? சமையலறைப் பக்கம் வந்தால் அம்மா கரண்டியோடு துரத்துவாளே. ஓவர்டைம் அவ்வளவு அதிகமா? பனிக்காலத்து ஆர்டரெல்லாம் ஆகஸ்டிலேயே கப்பல் ஏறிவிடும். நவம்பரில் இத்தனை அவசரமாக என்ன ஓடுகிறது?

அம்மாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். நேரம் இல்லையென்றால் கையெழுத்து மட்டும் போதும். மாத்திரை விஷயத்தை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டருக்கு அவசரப்படுத்த வேண்டாம்.

பனி அப்பாவின் மகள்
ஆஷா


வீரபாண்டி, திருப்பூர்
8.12.2024

இயேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. யாவரும் நலம். உன் காது வலி எப்படி இருக்கிறது? பஞ்சு வைத்துக்கொள்.

நான் மிகைப்படுத்தவில்லை. இந்த வருஷம் பனி நிஜமாகவே அதிகம். முதல் தேதி நட்சத்திரம் கட்டினேன். வழக்கம்போலக் காகிதத்தில்தான். மூன்றாம் நாள் காலையில் பனியில் நனைந்து வால் பிய்ந்து தொங்கியது. செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும், ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டிக்கொண்டிருந்தேன். ரங்காத்தாள் அக்கா பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தக் காயிதத்தோட எத்தன நாளைக்கு மல்லுக்கட்டுவீங்க? பிளாஸ்டிக்குல வாங்கிக் கட்டிப்போட்டு வேலையப் பாருங்க" என்றார். உள்ளேயிருந்து அம்மா சிரித்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் வளர்க்கக் கேழ்வரகு போட்டிருக்கிறேன். இந்தக் குளிரில் முளை மெதுவாகத்தான் வருகிறது. தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்து கட்டியாகிவிடுகிறது. காலையிலும் சாயங்காலமும் வெந்நீரில் வைத்து உருக்கித்தான் தேய்க்க வேண்டியிருக்கிறது. கூடுதல் சூடானால் சுடும், குறைந்தால் மறுபடி உறையும். அதற்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது.

இத்துடன் தனிப் பார்சலில் ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். அம்மா தைத்தது. நான்தான் அயர்ன் போட்டேன். அம்மாவுக்கு நேரமில்லாததால் தனியாக எழுதவில்லை. பிறப்பு விழாவுக்கு அதைப் போட்டுக்கொள்.

பனி அதிகம், மற்றபடி நலம்.

இப்படிக்கு
அப்பா


நவதுறவகம், கோத்தகிரி
16.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு மட்டும், ஆஷாவின் தோத்திரம். சுகமாக இருக்கிறாயா?

பிறப்பு விழாவுக்கு முந்தின இந்தத் திருவருகைக் காலத்தில் எங்களுக்கு ஒரே ஒரு கடிதம்தான் அனுமதி. அதை இதற்காகச் செலவழிக்கிறேன். மகளாக இல்லாமல் டெய்லருக்குச் செக்கர் எழுதுகிற மாதிரி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஸ்வெட்டர் வந்தது. ஆல்டரேஷனுக்குத் திருப்பி அனுப்புகிறேன்.

கழுத்துப் பட்டியின், அந்த ரிப்பின் ஒட்டு நடு முதுகில் இருக்கிறது. நீ எப்போதும் இடது தோளுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில்தான் ஒட்டுப் போடுவாய். வலது கைக் குழியில் துணி சுருங்கியிருந்ததை அயர்ன் போட்டு அமுக்கியிருக்கிறது. ஒரு தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன், சுருக்கம் எழுந்து நின்றுவிட்டது. ஃபிளீஸ் மேல் அயர்ன் போடவே விடமாட்டாயே நீ. நூல் வால் எல்லா மூலையிலும் தொங்குகிறது. குறை காட்ட ஒட்டுகிற அம்புக்குறி ஸ்டிக்கர் இங்கே கிடைக்காது, அதனால் பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஒட்டியிருக்கிறேன்.

உன் கையாலேயே பிரித்து, உன் கையாலேயே தைத்து அனுப்பு. வேறு யார் தைத்தாலும் எனக்கு வேண்டாம். அவசரமில்லை. பழைய சால்வை இருக்கிறது, காத்திருப்பேன்.

உங்கள் இருவருக்கும் பிறப்பு விழா வாழ்த்துகள்.

ஆஷா


வீரபாண்டி, திருப்பூர்
27.12.2024

இயேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. யாவரும் நலம். உனக்கும் சிஸ்டர்மாருக்கும் பிறப்பு விழா வாழ்த்துகள்.

இருபத்து நான்காம் தேதி இரவுப் பூசைக்குப் போயிருந்தேன். கோவில் மைதானத்தில் நாற்காலியெல்லாம் பனியில் நனைந்திருந்தது. ஆளுக்கொரு துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். மைக்கில் சாமியார் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. பாதிப் பூசையில் கிளம்பி வந்துவிட்டேன். குளிர் தாங்கவில்லை.

குடிலுக்குப் புல் முளைத்தது, ஆனால் ஒரு விரல் உயரம்தான். ஆட்டுக்குட்டிகள் முழுசாக வெளியே தெரிகின்றன. பொங்கலுக்குள் பனி குறையும் என்று சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

உன் பார்சல் வந்தது. கம்பெனியில் வேலை அதிகம்.

பனி அதிகம், மற்றபடி நலம்.

இப்படிக்கு
அப்பா


நவதுறவகம், கோத்தகிரி
3.1.2025

அப்பாவுக்கு, ஆஷா.

புத்தாண்டு வாழ்த்துகள். குளிரைப் பற்றி இனி எழுத வேண்டாம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று எழுதுங்கள்.

நான் சிரித்துக்கொண்டே படித்த கடிதங்களை நேற்று எடுத்து வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். தண்ணீர் பிடிப்பது நீங்கள். தரை துடைப்பது நீங்கள். மாவு ஆட்டுவது நீங்கள். ஓவர்டைம் பார்க்கிற அம்மா செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வீட்டுக்குள்ளிருந்து சிரிக்கிறாள். உங்கள் தலையில் முடி போய் எத்தனை வருஷம் ஆகிறது அப்பா? இரண்டு வேளையும் எண்ணெய் உருக்கி யாருக்குத் தேய்க்கிறீர்கள்? பூசையிலிருந்து பாதியில் எழுந்து வருகிற ஆளா நீங்கள்? நானோ அம்மாவோ தூங்கி விழுந்தால் தொடையில் கிள்ளுகிறவர் ஆயிற்றே.

எனக்குக் கோபம் வருகிறது. இங்கே கோபப்படக் கூடாது, ஆனாலும் வருகிறது. நாலு வருஷம் என் முன்னால் வந்த துணியில் எந்த ஓட்டையும் தப்பியதில்லை. என் சொந்த வீட்டில் இருந்த ஓட்டை இரண்டு மாதமாக என் கண்ணில் படவில்லை. அதற்கு உங்கள் மேல் கோபமா என் மேல் கோபமா என்று தெரியவில்லை.

அலுவலகத்தில் போன் இருக்கிறது. அவசரம் என்று கேட்டால் எங்களுக்குப் பொறுப்பான சிஸ்டர் லூர்து கொடுப்பார். நான் கேட்கவில்லை. போனில் நீங்கள் நலம் என்று சொல்லிவிடுவீர்கள். எழுதுங்கள்.

ஆஷா


வீரபாண்டி, திருப்பூர்
11.1.2025

இயேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஆஷாவுக்கு,

தீபாவளி கழிந்து அடுத்த வாரம், காலையில் பல் விளக்கப் போன அம்மா குழாயடியில் விழுந்துவிட்டாள். பக்கவாதம். வலது கையும் வலது காலும். ரங்காத்தாள் அக்காவும் நானும் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பத்து நாள் அங்கே. இப்போது வீட்டில். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். பேச்சு முதலில் குழறியது, இப்போது தெளிவு. சுவரைப் பிடித்து நடக்கிறாள். கைதான் இன்னும் வரவில்லை. எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வேளையும் தேய்க்கிறேன்.

பேச்சு வந்ததும் அவள் சொன்ன முதல் முழு வாக்கியம் இதுதான். "அவளுக்கு ஒத்த வரி எழுதுனீங்கன்னா நான் மாத்திரையத் தொடமாட்டேன், பாத்துக்கிடுங்க." ஜான்சியைப் பற்றி நீ எழுதியதை அவள் மறக்கவில்லை. "அந்தப் பிள்ளையாவது திரும்பிப் போயிருக்கு. இவ வந்தா போகமாட்டா. என் கையைப் பாத்துட்டு இங்கனயே உக்காந்துருவா" என்றாள். மே மாதம் வரை மறைத்துவிடலாம் என்று அவளுடைய கணக்கு. செக்கரிடம் மறைக்கிறோம் என்பதை இரண்டு பேருமே மறந்துபோனோம்.

ஸ்வெட்டர் நான் தைத்தது. நீ விட்டுப்போன பழைய சுடிதாரை அளவு வைத்து வெட்டினேன். ஷிப்ட் முடிந்து லைனில் மெஷின் காலியாக இருக்கும்போது, டெய்லர் அருள்செல்வன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தான். தானே தைத்துத் தருவதாகத்தான் சொன்னான். அவன் தைத்ததை அம்மா தைத்தது என்று சொன்னால் அது முழுப் பொய். குடும்பத்துக்குள்ளே ஒருத்தர் கை என்றால் பாதிப் பொய்தானே என்று நினைத்தேன். தையல் கோணியதை அயர்ன் போட்டால் சரியாகிவிடும் என்றும் நினைத்தேன். இருபது வருஷம் அயர்ன் போட்டவன் வேறு எப்படி நினைப்பேன்?

உன் பிளாஸ்திரி ஒட்டிய ஸ்வெட்டரை அம்மா மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு பிளாஸ்திரியையும் இடது கையால் தடவிவிட்டு, "எல்லாத்தையும் பிடிச்சிட்டா" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். அப்புறம் அழுதாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா சொன்னதற்காக மட்டும் நான் மறைக்கவில்லை. ஒவ்வொரு தடவை பேனாவை எடுக்கும்போதும் வந்துவிடு என்று எழுதக் கை போயிற்று. நீ போனதில் எனக்குச் சம்மதம் இல்லை, உனக்குத் தெரியும். அம்மா விழுந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, இனி மகள் வந்துதானே ஆக வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள் அங்கே கிடக்கும்போது எனக்கு அப்படி ஒரு நினைப்பு. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. வா என்று எழுதிவிடக் கூடாதே என்றுதான் பனியைப் பற்றி எழுதினேன். எழுதிப் பழகியதில் நிஜமாகவே எனக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது.

ரங்காத்தாள் அக்கா தினம் திட்டுகிறார். "பெத்த புள்ளைக்கிட்ட மறைச்சுப்போட்டுப் பனி பேயுது, பனி பேயுதுன்னு எழுதறீங்களே, நல்லா இருக்குதுங்களா?" என்கிறார். இன்று அவரிடம் சொல்லிவிடுவேன், எழுதிவிட்டேன் என்று.

அப்பா


நவதுறவகம், கோத்தகிரி
20.1.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆஷாவின் தோத்திரம்.

கடிதம் படித்தேன். அன்றைக்குக் கோவிலுக்குப் போனேன், ஜெபம் வரவில்லை. சமையலறைக்குப் போய் இருந்த பெரிய பாத்திரங்களையெல்லாம் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்து வைத்தவைதான். சிஸ்டர் லூர்து வந்து பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தார். பிறகு நானே சொன்னேன்.

பதினைந்து நாள் வரை தாராளமாகப் போய்வரலாம், மே மாதம் தள்ளிப்போகாது என்றார். அதற்கு மேல் ஒரு நாள் தங்கினாலும் கணக்கு ஏறும். முடிவு உன்னுடையது என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

அப்பா, நீங்கள் நினைத்ததற்கு வெட்கப்பட வேண்டாம். நானும் ஒரு நிமிஷம் வேறொன்று நினைத்தேன். தெரியாமலே இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். அம்மாவின் கையைவிட இந்த இடம் பெரிதாகத் தெரிந்தது. அப்படி நினைத்ததும் பயந்துவிட்டேன். வந்தால் திரும்ப மாட்டேனோ என்றும் பயம். வராமலே இருந்துவிட முடிகிறவளாக இருக்கிறேனே என்றும் பயம். இரண்டில் எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் உங்களிடம் விடுகிறேன். வா என்று ஒரு சொல் எழுதினால் அடுத்த பஸ்ஸில் ஏறுகிறேன். வராதே என்று எழுத உங்களுக்கு மனசு வராது என்று தெரியும். அப்படியானால் வழக்கம்போலப் பனியைப் பற்றி எழுதுங்கள், புரிந்துகொள்வேன். மார்ச் ஐந்தாம் தேதி வரும் சாம்பல் புதனுக்கு முன்னால் எழுதிவிடுங்கள். தவக்காலம் தொடங்கிவிட்டால் யாரையும் வெளியே விடமாட்டார்கள்.

அம்மா, உன் கை வேண்டும் என்று கேட்டு ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்பினேனே. தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன்.

ஆஷா


வீரபாண்டி, திருப்பூர்
23.2.2025

இயேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஆஷாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். உன் நலத்துக்கும் சிஸ்டர் லூர்து நலத்துக்கும் ஜெபிக்கிறோம்.

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். காகிதம் பல வீணாயிற்று.

அம்மா தேறி வருகிறாள். ஸ்வெட்டரை முழுசாகப் பிரித்துவிட்டாள். நான் துணியை இழுத்துப் பிடிக்க, இடது கையில் நூல் வெட்டுகிற டிரிம்மரை வைத்து ஒவ்வொரு தையலாக அறுத்தாள். பிறகு வீல்சேர் கேட்டு வாங்கி அவளைக் கம்பெனிக்கே கூட்டிக்கொண்டு போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து திட்டத் திட்ட நான் தைத்தேன். கழுத்து ரிப்பை மட்டும் திரும்பத் திரும்பப் பிரிக்கச் சொன்னாள். லைனே நின்று வேடிக்கை பார்த்தது. ஒட்டு இப்போது இடது தோளுக்குப் பின்னால் இருக்கிறது. நூல் வால் எல்லாம் அவளே வெட்டினாள். அயர்ன் போடவில்லை. இத்துடன் அனுப்புகிறேன், செக் பண்ணிக்கொள்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. காலையில் எழுந்தால் எதிர் வீடு தெரிவதில்லை. மத்தியானம்கூடப் போர்வை வேண்டியிருக்கிறது. எண்ணெய் இன்னும் உறைகிறது. இப்படி ஒரு மாசி மாதத்தை நான் பார்த்ததில்லை. இந்தக் குளிரில் யாரும் பிரயாணம் செய்வது நல்லதல்ல என்று நினைக்கிறேன்.

பனி அதிகம், மற்றபடி நலம்.

இப்படிக்கு
அப்பா

ஆஷாவுக்கு அம்மா. கவரை ஒட்டுமுன் பிடுங்கிப் படித்தேன். உன் அப்பா புளுகுகிறார். பனி போய் நாளாச்சு. ஃபேன் ஓடுது. மேலுக்குப் பனியன்கூட இல்லாமல் வேர்த்து வடிய உட்கார்ந்துதான் இதை எழுதினார். இடது கை எழுத்து, குறை பிடிக்காதே. நீ வரக் கூடாது என்று சொன்னது நான்தான். இப்போது வா என்று சொல்வதும் நான்தான். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கு. பதினைஞ்சாம் நாள் காலையில் நானே பஸ் ஏற்றிவிடுவேன், ஒரு நாள் கூட்டித் தங்க விடமாட்டேன். ஸ்வெட்டரைக் கொண்டுவராதே. உன் பெட்டியிலேயே வைத்துவிட்டு வா. திரும்பிப் போனதும் அங்கே குளிரும்.